வேண்டியது சங்கிலியல்ல, வைத்தியம்!

மில்லில் இயந்திரத்தில் கை சிக்கினால் நஷ்டஈடு கேட்டுப் போராடுகிறோம். வயலில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் அதே தொழிலாளியின் மனம் நோயுற்றால் என்ன செய்கிறோம்? “பேய் பிடித்துவிட்டது” என்கிறோம். கோயில் கோயிலாக, தர்கா தர்காவாக அலைகிறோம். கைக்காசு கரைந்த பிறகு வீட்டுத் தூணில் கட்டிப்போடுகிறோம். இதற்காக அந்தக் குடும்பத்தைக் குற்றம் சொல்ல நாம் தயாராக இல்லை. வேறு வழியை சர்க்கார் அவர்களுக்குத் திறந்துவிடவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள அந்த ஊரில் தனியார் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட் தானாகவே விசாரணையை எடுத்துக்கொண்டது.

பிறகு 2017-ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலாகியது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதன் 18-வது பிரிவைத் தொழிலாளர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்காக யாரையும் நெடுந்தூரம் அலையவிடக் கூடாது. குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே வைத்தியம் கிடைக்க வேண்டும். அத்தியாவசிய மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் முதல் எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது தர்மமல்ல, உரிமை!

ஆனால் ஏட்டில் எழுதிய உரிமை எத்தனை பேரைச் சேர்ந்தது? 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. சுரண்டை வட்டாரத்து விவசாயத் தொழிலாளி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. மனநோய்க்கு மருந்து ஒரு நாள் விஷயமல்ல. மாதக்கணக்கில், சில நோய்களுக்கு வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். பஸ் கட்டணத்துக்கு வழியின்றி மருந்து நின்றால் நோய் திரும்புகிறது. மீண்டும் அதே தூண், அதே கயிறு!

“அத்தனை கிராமத்துக்கும் மனநல டாக்டருக்கு எங்கே போவது?” என்று அதிகாரிகள் கேட்கலாம். 1980-களிலேயே கர்நாடகத்தின் பெல்லாரி ஜில்லா இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அங்கேயே சிகிச்சை நடத்திக் காட்டினார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமே பிறந்தது. வழி தெரியாமல் இல்லை. பணம் ஒதுக்கவும் ஆளை நியமிக்கவும்தான் மனமில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், குழந்தைகளோடு, நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நிகழ்ந்த துயரத்தில் மாண்டது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் இருந்தது! கடனும் வேலையின்மையும் மனிதனின் மனத்தை அரிக்கும்போது, மாத்திரை மட்டும் போதாது. அதற்காக மாத்திரையைக் கொடுக்காமலிருக்கவும் நியாயமில்லை. இரண்டும் வேண்டும்.

2019-ல் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் ஆபீஸ் அருகில் வந்தது. வைத்தியமும் அருகில் வரட்டும்! சுரண்டை வட்டாரத்தில் வாரம் ஒரு நாள் மனநல டாக்டர் வர வேண்டும். மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும். கிராம சுகாதார நர்ஸுகளுக்குப் பயிற்சி வேண்டும். கந்துவட்டிச் சட்டம் உண்மையாக அமலாக வேண்டும்.

தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மனம் தளர்ந்த தோழரைப் “பைத்தியம்” என்று ஏசாதீர்கள். அருகில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். உடலால் உழைக்கிறவனுக்கு மனமும் உண்டு என்பதை சர்க்காருக்கு உணர்த்துவோம்!