மருந்து இலவசம், அன்றைய கூலிக்குப் பொறுப்பு யார்?
எச்.ஐ.வி. மருத்துவமும் உள்ளாட்சி நிதியும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கான கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. நாள் தவறாமல் மருந்து உட்கொள்பவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவுவதில்லை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆகவே, அரசிடம் மருந்து இருப்பு உள்ளதா என்பது பாதிக் கேள்வியே. அந்த மருந்தை இடைவிடாமல் சென்று பெறக்கூடிய நிலையில் தொற்றுள்ளவர் வாழ்கிறாரா என்பது மீதிக் கேள்வி.

கூட்டு மருந்து சிகிச்சை மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்குகின்றன. இணைப்பு மையங்கள் இந்தத் தொலைவைக் குறைத்திருக்கின்றன. ஆயினும் முற்றாக நீக்கிவிடவில்லை. மாதச் சம்பளம் பெறுபவருக்கு மருந்து வாங்கும் நாள் ஒரு விடுப்பு நாள். நிலமற்ற விவசாயக் கூலிக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அது கூலியற்ற நாள். இந்தத் தொழில்களில் தலித் மக்களே பெருமளவில் தள்ளப்பட்டிருக்கிறார்கள். எனவே, எல்லோருக்கும் ஒரே விலையில், அதாவது விலையின்றி, தரப்படும் மருந்து எல்லோருக்கும் ஒரே செலவில் கிடைப்பதில்லை.

நிதி எங்கிருந்து வருகிறது?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு (2021–26) ஒதுக்கப்பட்ட தொகை ரூ.15,471.94 கோடி. முழுக்க ஒன்றிய அரசின் நிதியில் இயங்கும் திட்டம் இது. பணம் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் வழியாகக் கீழே வருகிறது. பரிசோதனை, ஆலோசனை, மருந்து ஆகியவற்றுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானதே. உயிர்காக்கும் மருந்தின் கொள்முதலை ஒவ்வொரு நகராட்சியின் வரி வருவாயிடம் ஒப்படைத்தால் ஏழை ஊர்களே முதலில் கைவிடப்படும்.

ஆனால் சத்துணவு, பயணம், இழந்த கூலிக்கான ஈடு, தனித்து வாழும் பெண்களுக்கான ஆதரவு ஆகியவை ஊருக்கு ஊர் மாறுபடும் தேவைகள். இவற்றை டெல்லியிலிருந்து அளவிட இயலாது. அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணை, மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளிட்ட சுகாதாரத்தை ஊராட்சிகளுக்கு அளிக்கக்கூடிய பொறுப்பாகக் குறிப்பிடுகிறது. 12ஆவது அட்டவணை பொதுச் சுகாதாரத்தை நகராட்சிகளின் பட்டியலில் வைக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென ரூ.70,051 கோடி மானியத்தைப் பரிந்துரைத்தது. நலவாழ்வு மையங்கள், பரிசோதனை வசதிகள், வட்டாரப் பொதுச் சுகாதார அலகுகள், கட்டடங்கள் என அதன் தலைப்புகள் அமைந்தன. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கெனத் தனித் தலைப்பு அதில் இல்லை.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் சிகிச்சைக் கடமையை ஒன்றிய, மாநில அரசுகள் மீதே சுமத்துகிறது. அதையும் ‘இயன்றவரை’ என்னும் சொல்லால் தளர்த்திவிடுகிறது. இவ்வாறு உள்ளாட்சிக்குச் சுகாதாரப் பொறுப்பு உண்டு, எச்.ஐ.வி. பொறுப்பு இல்லை என்ற விநோத நிலை உருவாகியிருக்கிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை

மும்பையில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென மாநகராட்சி சார்ந்த தனிச் சங்கம் 1998 முதல் இயங்குகிறது. கே.இ.எம்., நாயர், சயான் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் கூட்டு மருந்து மையங்கள் உள்ளன. மருந்து தேசியத் திட்டத்தின் வழியே வந்தாலும், அந்த மருத்துவமனைகளை நடத்தும் சுமையை மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை ஏற்கிறது. ஓர் உள்ளாட்சி இதில் பங்கேற்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட ரயன் வைட் சட்டம், தொற்று மிகுந்த பெருநகரப் பகுதிகளுக்கு நேரடியாக நிதி அளிக்கிறது. அந்நிதியை எந்தச் சேவைக்கு எவ்வளவு பிரிப்பது என்பதை ஒரு திட்டக்குழு முடிவு செய்கிறது. அக்குழுவில் குறைந்தது 33 விழுக்காட்டினர், அச்சேவைகளைப் பெறும் தொற்றுள்ளவர்களாக இருக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் பயணமும் அங்கு நிதி ஒதுக்கத்தக்க சேவைதான். பயனாளி என்று அழைக்கப்படுபவர் பணத்தைப் பிரிக்கும் மேசையில் அமர்கிறார் என்பதே இதில் நமக்கான பாடம். பிரதிநிதித்துவத்துக்காகத் தலைமுறைகளாகப் போராடிவரும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஊராட்சியிடம் பெயர்ப்பட்டியலா?

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழுகிறது. உள்ளாட்சி உதவ வேண்டுமானால், யாருக்கு உதவுவது என்று அதற்குத் தெரிய வேண்டாமா? தெரியக் கூடாது என்பதே நம் விடை. அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில், கிராமத்தைப் புனித அலகாகப் போற்றும் பார்வையைக் கடுமையாக மறுத்தார். ஊராட்சித் தலைவராகத் தேர்வான தலித்தையே 1997இல் மேலவளவில் வெட்டிக் கொன்ற சமூகம் இது. சாதி ஆதிக்கம் நிலவும் ஊரில் தொற்றுள்ளோரின் பட்டியல் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், சேரிக்குள் இரண்டாவது சேரி உருவாகும். நோயைக் காரணமாகக் குறிப்பிட்டு வழங்கப்படும் எந்தச் சலுகை அட்டையும் அதை நீட்டும் இடத்திலெல்லாம் இரகசியத்தை உடைக்கக்கூடியது. தொற்று நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதைச் சட்டமே தடைசெய்கிறது.

எனவே நிதி உள்ளூரிலிருந்து வரட்டும். பெயர் மருத்துவமனையை விட்டு வெளியேற வேண்டாம். இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கையன்று. காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் ரூ.500, 2024 நவம்பர் முதல் ரூ.1,000 வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. உணவும் சிகிச்சையின் பகுதியே என்பதை அரசு அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்க வைக்காமலே அதைச் செய்கிறது.

இதன் அடிப்படையில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் மாவட்ட ஊராட்சிகளும் தம் நிதிநிலை அறிக்கையில் நீண்டகாலச் சிகிச்சை ஆதரவுக்கெனத் தனித் தலைப்பை உருவாக்கி, தொகையைக் கூட்டு மருந்து மையத்திடம் மொத்தமாக அளிக்க வேண்டும்; மையம் எண்ணிக்கையை மட்டுமே திருப்பித் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொகையைப் பங்கிடும் மாவட்டக் குழுவில் தொற்றுள்ளோர் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினராக இருக்க வேண்டும். அவர்களுள் தலித் பெண்களுக்கும் திருநர்களுக்கும் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழான நிதி இதற்குக் கூடுதலாக வரலாமே தவிர, பொதுநிதிக்கு மாற்றாக வரக் கூடாது. உட்திட்ட நிதியைப் பொதுச் செலவுக்குத் திருப்பிவிடும் பழைய வழக்கம் இங்கும் நுழைந்துவிடும் ஆபத்து உண்டு.

உங்கள் மாநகராட்சியின் அடுத்த நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்பதைத் தேடிப் பாருங்கள். இல்லாததை உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் எழுத்து வடிவில் கேளுங்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. யாருக்கு என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.