பிறந்தநாள் தெரியாதவர்களுக்கு ஒரு பொன் ஃபெத்!

பி.காம் படிக்கிற ஆளுக்கு பிரெஞ்சு மொழியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பகுதி ஒன்றில் நான் எடுத்தது தமிழ்தான். நூலகத்தில் பிரெஞ்சு ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் வாழ்த்துச் சொல்லும் பாடத்தில் இரண்டு வாழ்த்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சுற்றி வளைத்தாலும் கடைசியில் நம்ம கடம்பூருக்கே வந்துவிடுவோம், தைரியமாகப் படியுங்கள் :-)

முதல் வாழ்த்து, "போன் அனிவெர்சேர்". "ஜுவாயே அனிவெர்சேர்" என்றும் சொல்வார்கள். இனிய பிறந்தநாள் வாழ்த்து, அவ்வளவுதான். ஆனால் 'அனிவெர்சேர்' என்ற சொல்லில் 'பிறப்பு' என்பதே கிடையாது. லத்தீனிலிருந்து வந்த சொல். ஆண்டு திரும்பி வருகிற நாள் என்று பொருள். அதனால் கல்யாண நாளும் அனிவெர்சேர்தான், ஒருவர் இறந்த நாளின் நினைவும் அனிவெர்சேர்தான். கொண்டாடும் முறையில் நமக்குப் புதுசாக எதுவும் இல்லை. கேக், மெழுகுவர்த்தி, பரிசு. பாடுகிற மெட்டும் நாம் பாடுகிற அதே மெட்டு. அமெரிக்காவில் ஹில் சகோதரிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் போட்டு 1893-ல் அச்சில் வந்த காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது. உலகம் முழுக்க அதையே பாடுகிறது, பிரான்சும் பாடுகிறது.

இரண்டாவது வாழ்த்துதான் என்னை நிறுத்தி வைத்தது. "பொன் ஃபெத்". காதில் விழும்போது நம்ம பொன் மாதிரியே இருக்கும், ஆனால் 'நல்ல' என்று அர்த்தம். ஃபெத் என்றால் திருவிழா. பிரான்சில் இதைப் பிறந்தநாளுக்குச் சொல்ல மாட்டார்கள். பெயர் நாளுக்குச் சொல்வார்கள்.

பெயர் நாள் என்றால்? கத்தோலிக்க மரபில் வருடத்தின் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு புனிதரின் நாள். ஜூன் 24 திருமுழுக்கு யோவான் நாள். அன்றைக்கு 'ழான்' என்று பெயர் வைத்த எல்லோருக்கும் பொன் ஃபெத். மார்ச் 19 சூசையப்பர் நாள், எல்லா ஜோசப்புகளுக்கும் பொன் ஃபெத். நவம்பர் 25 கத்ரீன்களின் நாள். 25 வயதாகியும் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு அன்றைக்குப் பச்சையும் மஞ்சளுமாகத் தொப்பி செய்து போட்டுவிடும் வழக்கமும் இருந்திருக்கிறது. நம்ம ஊர் அத்தை, சித்திமாருக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

எல்லோருக்கும் எப்படிப் பெயர் நாள் கிடைத்தது? அதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. காலண்டர்களில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றில் உள்ள பெயர்களையும்தான் பிள்ளைக்கு வைக்கலாம் என்று பிரான்சில் 1803-ல் சட்டம் போட்டார்கள். நடுவில் தளர்த்தினாலும், பெற்றோர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது 1993-ல்தான். வருடக் கடைசியில் தபால்காரர் வீடு வீடாகக் காலண்டர் கொண்டுவருவார். அதற்கு விலை கிடையாது, வீட்டுக்காரர் இஷ்டப்பட்டதைக் கொடுப்பார். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். நம்ம வீட்டுச் சுவரில் பலசரக்குக் கடைக்காரர் கொடுத்த, சிவகாசியில் அடித்த தினசரி காலண்டர் தொங்குமே, கிட்டத்தட்ட அதேதான். நமக்கு அதில் நட்சத்திரமும் ராகுகாலமும், அவர்களுக்குப் பெயர்.

இப்போது வித்தியாசத்தைக் கவனியுங்கள். அனிவெர்சேர் சொல்ல எதிராளியின் பிறந்த தேதி தெரிய வேண்டும். பொன் ஃபெத் சொல்ல அவர் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். தேதி வேண்டாம், வயது வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை முழுக்க வாழ்த்துகிறவருடையது.

இந்த வாழ்த்து கடல் தாண்டியும் போயிருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் பொன் ஃபெத் என்றால் பிறந்தநாள் வாழ்த்தே. அங்கே பிறந்தநாளுக்கு அந்த அமெரிக்க மெட்டை விட்டுவிட்டு, ழீல் விஞ்ஞோ 1975-ல் எழுதிய தங்கள் ஊர்ப் பாட்டின் மெட்டில் பாடுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரி. நம்ம கரிசல்காட்டுக்கும் அந்த ஊருக்கும் பழைய ஒட்டு உண்டு. எட்டயபுரத்துப் பாரதி 1908-ல் அடைக்கலம் தேடிப் போனது அங்கேதான். இடைசெவல் கி.ரா. பல வருடம் வாழ்ந்து 2021-ல் மறைந்ததும் அங்கேதான். அந்த ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, பாரீசில் 1878-ல் பிறந்த மீரா அல்ஃபாசா, சீடர்களின் பிறந்தநாளுக்குத் தன் கையாலேயே 'பொன் ஃபெத்' என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார். இன்றும் ஆசிரமத்துக்காரர்களிடையே பிறந்தநாளுக்கு அந்த வார்த்தைதான். பிறந்தநாள்காரருக்கு ஒரு அட்டை. எழுதுகிற சிரமம் வாழ்த்துகிறவருக்கு. முறை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இங்கே பிறந்தநாள் என்றால் யார் செலவு? பள்ளிக்கூடத்தில் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வந்து மிட்டாய் கொடுப்பது பிறந்தநாள்காரப் பிள்ளை. கல்லூரிக்கு வந்தால், "ஏலே, ட்ரீட் எப்பல?" என்பதுதான் முதல் வாழ்த்தே. கேக்கும் அவன் வாங்க வேண்டும், பரோட்டாவும் அவன் வாங்கித் தர வேண்டும், அந்தக் கேக்கையே அவன் மூஞ்சியில் அப்புவோம். என்னோடு படித்த ஒருவன் வருடாவருடம் பிறந்தநாளன்று மட்டும் லீவு போடுவான். அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கொண்டுவரும் கூலியில் பத்துப் பேருக்கு எங்கே ட்ரீட் வைப்பது? "காய்ச்சல்ல" என்பான். பிறந்த நாளன்று ஒருத்தன் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தால் அந்தக் கொண்டாட்டத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இது நம்ம பழைய வழக்கமும் இல்லை. நம்ம பக்கம் குழந்தைக்குப் பெரிய விசேஷம் என்றால் மொட்டை போட்டுக் காது குத்துவது. மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவார்கள். கம்மலும் சீரும் மாமன் கொண்டுவருவார். குழந்தை கையை நீட்டி வாங்கிக்கொள்ளும், அழும், அவ்வளவுதான். கணக்குப் பதிவியலில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள்: பெறுபவர் கணக்கில் பற்று, கொடுப்பவர் கணக்கில் வரவு. காதுகுத்தில் குழந்தை பெறுபவர், மாமன் கொடுப்பவர். கணக்கு நேராக இருக்கிறது. ட்ரீட் கலாச்சாரத்தில்தான் வாழ்த்தைப் பெறுகிறவனே பில்லையும் கட்டுகிறான். எந்த ஆடிட்டர் இதைப் பாஸ் பண்ணுவார்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ட்ரீட்டுக்குப் பயந்து ஒளியத் தேவையே இல்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பிறந்தநாளே கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதற்கு முன்பும், வந்த பிறகு பல வருடங்களும், நம்ம கிராமங்களில் வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம் பல பதிவேட்டில் ஏறவே இல்லை. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஹெட்மாஸ்டர் ஜூன் மாதத்தில் ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு தேதி போட்டுக் கொடுத்தார். அதனால்தான் நம்ம பெரியப்பா, மாமாமார் பலருக்கும் பிறந்தநாள் மே, ஜூனிலேயே வருகிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஆதாரில் வருடம் மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1.

எங்கள் ஆச்சிக்கு ஜனவரி 1. புத்தாண்டு அன்றைக்கு வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து எஸ்.எம்.எஸ். வரும். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. ஆச்சியைக் கேட்டால், "ஐப்பசி கடேசில, வெதப்பு முடிஞ்சு மழ விட்ட நாளு" என்று மட்டும் சொல்லும். ஒரு மனுசிக்கு வருடத்தில் ஒரு நாளாவது 'இன்றைக்கு உன் நாள்' என்று சொல்ல வேண்டாமா? அதைச் சொல்வது கம்ப்யூட்டர் மட்டும்தானா?

இங்கேதான் பொன் ஃபெத் உதவும் என்கிறேன். பெயர் நாள் கொண்டாட பிரான்சிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டாம். நம்ம ஜில்லாவில் பெயர் வைக்கிற முறையே அதுதான். சங்கரன்கோவில் ஆடித்தபசு அன்றைக்கு, நமக்குத் தெரிந்த எல்லாக் கோமதிக்கும், சங்கரனுக்கும், சங்கரநாராயணனுக்கும் ஒரு வாழ்த்து. கோவில்பட்டி கோவில் திருக்கல்யாணத்தன்று எல்லாச் செண்பகவல்லிக்கும். கழுகுமலையில் பங்குனி உத்திரத்தன்று எல்லா முருகனுக்கும். செப்டம்பர் 8 ஆரோக்கியமேரிகளுக்கு, டிசம்பர் 3 சேவியர்களுக்கு. காமநாயக்கன்பட்டித் திருவிழா நாளான ஆகஸ்ட் 15 பரலோகங்களுக்கு. நாகூர் கந்தூரி அன்றைக்கு சாகுல் ஹமீதுகளுக்கு. ஊரே அந்த நாளை ஞாபகம் வைத்திருக்கிறது. காலண்டரிலும் போட்டிருக்கிறது. அந்தப் பெயர்க்காரர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்பதை மட்டும்தான் மறந்திருக்கிறோம்.

சில கேள்விகள் வரும் என்று தெரியும். 'எல்லாம் சாமி சமாச்சாரமாக இருக்கிறதே?' இருக்கட்டும், பாரதி என்று பெயர் வைத்தவர்களுக்கு டிசம்பர் 11, காமராஜ்களுக்கு ஜூலை 15. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-ல் புனிதர்களையே எடுத்துவிட்டு, நாளுக்கு ஒரு செடி, விலங்கு, விவசாயக் கருவி என்று பெயர் வைத்த காலண்டர் கொண்டுவந்தார்கள். 1805 கடைசியோடு அதை நெப்போலியன் நிறுத்திவிட்டார். அது நிலைக்கவில்லை, ஆனால் எந்த நாளுக்கும் எதையும் வைக்கலாம் என்று காட்டிவிட்டுப் போனது.

'புதுசாக வைக்கிற ஸ்டைலான பெயர்களுக்கு நாள் ஏது?' நியாயமான கேள்வி. 1993-க்குப் பிறகு பிரான்சிலும் இதே கதைதான், காலண்டரில் இல்லாத பெயர்கள் பெருகிவிட்டன. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி நிச்சயமாக இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வது தொடங்கி எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். தேதி இல்லாமல் வாழ்கிறவர்கள் நம்ம ஆச்சி, தாத்தா தலைமுறையோடு முடியப் போகிறார்கள். அவர்களை வாழ்த்த நமக்கு இருப்பது இன்னும் சில வருடங்கள்தான்.

'எல்லா முருகனுக்கும் ஒரே நாள் என்றால் தனி மரியாதை எங்கே?' இல்லைதான். அதனால்தான் ட்ரீட்டும் இல்லை, போட்டியும் இல்லை, ஒளிந்துகொள்ளவும் யாருக்கும் தேவையில்லை.

பிரெஞ்சுக்காரர்களைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. அங்கேயும் ஆபீசில் பிறந்தநாள்காரரே கேக் வாங்கிவரும் பழக்கம் உண்டு, பெயர் நாளும் முன்பு மாதிரி இல்லை. அவர்கள் கைவிடுகிற நல்ல பழக்கத்தை நாம் எடுத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

செய்ய வேண்டியது இரண்டே விஷயம். நண்பனுக்குப் பிறந்தநாள் என்றால் ட்ரீட் கேட்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து நீங்களே வாங்கிக் கொடுங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் போதும், கடம்பூர் போளி என்றால் இன்னும் விசேஷம். இரண்டாவது, உங்கள் வீட்டில் ஜனவரி 1-ல் 'பிறந்த' ஒருவர் இருந்தால், அவர் பெயருக்குரிய நாளைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குக் காலையில் போய் வாழ்த்துச் சொல்லுங்கள். பிரெஞ்சில் சொல்ல வேண்டாம், "ஏன்டா, எவனாவது மண்டையில அடிச்சிட்டானா?" என்று கேட்பார்கள். தமிழிலேயே சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் எந்தப் பெயர் அதிகம், அதற்கு எந்த நாள் பொருந்தும் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நம்ம வட்டாரத்துக்கு ஒரு பெயர்நாள் காலண்டர் போட்டுவிடலாம்.