ஒற்றையடிப் பாதை ஒற்றையடியாகவே இருக்கட்டும்!

காடு, மலைக்கு டிரெக்கிங் போவது இப்போது குடும்பப் பெண்களுக்கும் சகஜமாகி விட்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு, 14 மாவட்டங்களில், 40 மலையேற்றப் பாதைகளை, வழிகாட்டியோடு போய் வரும்படி திறந்து விட்டது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. (எங்கள் ஆரணி, பட்டு ஆரணி அல்ல, பெரியபாளையம் பக்கத்து ஆரணி!)

போன தை மாதம் நாங்களும் குடியம் போனோம். வழியில் என் நாத்தனார், 'ஏன் அண்ணி, எல்லாரும் ஒரே தடத்துல நடந்து தான் இங்க புல்லு கூட முளைக்கல. ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சு நடந்தா காட்டுக்கு நல்லது தானே...' என்றாள். நல்ல எண்ணத்தில் நிறைய பேர் இப்படித் தான் நினைக்கின்றனர். ஆனால், விஷயம் நேர்மாறு.

நெல் அடிக்கும் களத்தை எப்படிப் போடுவோம்? தண்ணீர் தெளித்து, மிதித்து, திமிசுக் கட்டையால் தட்டி, சாணம் மெழுகுவோம். மண்ணில் உள்ள சின்னச் சின்ன துவாரங்கள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காது. காட்டு மண் இதற்கு எதிர். மேலே சருகு மெத்தை. கீழே, மண்புழுவும், கரையானும், வேரும் போட்ட ஓட்டைகள். பெய்யும் மழையைக் குடித்து, மெதுவாக ஓடைக்கும், கிணற்றுக்கும் விடும். அந்த மண்ணில் முதன் முதலில் நடக்கும் கால்கள் தான் அதிகம் கெடுக்கின்றன. அதிலும், ஈர மண் என்றால் சீக்கிரம் அமுங்கி விடும். பழைய தடத்தில் இன்னும் நூறு பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கொஞ்சம் தான். அது ஏற்கனவே களமாகி விட்டதே!

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரு பக்கமும் வெட்டிய பவுடர் டப்பா ஒன்றை, முருங்கை மரத்தடி சருகு மண்ணிலும், பிறகு கிணற்றடிக்கு நடக்கும் தடத்திலும் அழுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொன்னேன் பிள்ளைகளை. மரத்தடியில், அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் காணோம். தடத்தில் ஊற்றியது, நான் குழம்பு தாளித்து விட்டு வந்து பார்த்த போதும் அப்படியே நின்றது.

இறங்காத தண்ணீர் சும்மா நிற்குமா? சரிவில், பாதையே வாய்க்காலாகி, மேல் மண்ணை அரித்து, வேரை வெளியே காட்டி விடும். சேற்றுக்கு பயந்து நாம் ஓரமாக நடக்க, அந்த ஓரமும் களமாகும். அடுத்து வருபவர் அதற்கும் ஓரம். இப்படித் தான் ஒற்றையடிப் பாதை, மாட்டு வண்டிப் பாதை அளவு அகன்று போகிறது. சுடிதார் கீழ்ப்பக்கம் சேறானால் துவைத்துக் கொள்ளலாம். அமுங்கிய மண் தேற வருஷக் கணக்காகும்.

'லாரி லாரியா சவுடு மண் அள்ளுறாங்க... உங்க செருப்புக் காலா காட்டை கெடுக்கப் போகுது?' என்று கேட்டார் என் கணவர். லாரி பெரிய கேடு தான். அதற்காக நம் காலை அடக்கக் கூடாதா? நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கடல் நீர் உள்ளே வந்து, கிணறுகள் உப்பாகிப் போன மாவட்டம் இது. மழையைக் குடிக்கும் மண் ஒரு முழம் கூட நமக்கு உபரி இல்லை.

கோவை வெள்ளியங்கிரி மலைக்கு, பிப்ரவரி முதல் மே வரை தான் பக்தர்களை விடுகின்றனர். காரணம் எதுவானாலும், மீதி மாதங்களில் மண்ணுக்கும் ஓய்வு. மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் காட்டுப் பாதையிலும் ஆள் விடக் கூடாது என்பேன் நான். சரிவுகளில் குறுக்கே கல் பதித்து, தண்ணீரை ஓரமாகத் திருப்பி விட்டால் அரிப்பும் குறையும்.

அடுத்த தை மாதம், எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து குடியம் போவதாக இருக்கிறோம். சேறோ, குட்டையோ, ஒருவர் பின் ஒருவராகப் பழைய தடத்திலேயே தான் நடப்பது என்று இப்போதே பேசி வைத்து விட்டோம். என் நாத்தனாரும் வருகிறாள்!

— ஒரு வாசகி, ஆரணி, திருவள்ளூர் மாவட்டம்.