புதினாவை மூக்கிலிருந்து எடுங்கள்!



கோடை விடுமுறையில் எங்க சித்தப்பா தோல் வியாபார விஷயமாக மொராக்கோவுக்கும் துனிசியாவுக்கும் போனார். சித்தியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "அந்த ஊர்ச் சந்தையில ரொம்ப ஏமாத்துவாங்களாமே, நிஜமா?" "பிரமிடு பார்த்தியா?" என்று கேட்ட புண்ணியவானும் உண்டு. (அது எகிப்தில் இருக்கிறது நண்பா!)

ஏமாற்றுகிறார்களா, இல்லையா? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசுவது தப்பே இல்லை. ஆனால் ஒரு பொருளுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்க்காமலே பேரம் பேசுகிறோமே, அதுதான் தப்பு. ஏன் என்று கேளுங்கள்.

சுற்றுலா போகிறவர்கள் நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். காலையில் 'பார்க்க வேண்டிய இடங்கள்'. சாயங்காலம் 'ஷாப்பிங்'. ஆனால் வட ஆப்பிரிக்காவின் பழைய நகரங்கள் அப்படிப் பிரித்துக் கட்டப்படவில்லை. மதில் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரை 'மெதினா' என்கிறார்கள். துனிஸ் நகர மெதினாவின் நடுவில் ஸைத்தூனா பள்ளிவாசல். அதன் சுவரை ஒட்டியே அத்தர் கடைத்தெரு. சாயம் போடுகிறவர்கள், இரும்பு அடிக்கிறவர்கள் எல்லாம் ஓரத்தில். வாசனையான தொழில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், சத்தமும் நாற்றமும் உள்ள தொழில் தூரத்தில். என்ன ஒரு திட்டம் பாருங்கள்! அங்கே சந்தையும் பார்க்க வேண்டிய இடம்தான்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரம் இன்னும் அதிசயம். அங்கே மெதினாவுக்குள் காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. சந்து அவ்வளவு குறுகல். கழுதையும் கோவேறு கழுதையும்தான் லாரி! "பாலக்! பாலக்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 'வழி விடு, ஜாக்கிரதை' என்று அர்த்தம். அங்கே இருக்கும் கரவிய்யீன் பள்ளிவாசலை 859இல் பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி கட்டினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவருடைய குடும்பம் துனிசியாவின் கைரவான் ஊரிலிருந்து குடியேறியதாம். கரவிய்யீன் என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அதன் பக்கத்துச் சதுக்கத்தில் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர்கள் இன்றைக்கும் டங் டங் என்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கும் ஃபெஸ்ஸுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு தெரியுமா? வரலாற்றுப் பாடத்தில் வரும் இபன் பதூதா, மொராக்கோவின் தாஞ்சியர் ஊரில் 1304இல் பிறந்தவர். 1325இல் பயணம் கிளம்பியவர், சுல்தான்கள் ஆண்ட காலத்தில் நம்ம மதுரைக்கும் வந்தார். ஊர் திரும்பிய பிறகு, அபூ இனான் என்ற சுல்தானின் கட்டளைப்படி தன் பயணக் கதையைச் சொல்லி எழுத வைத்தார். அது முடிந்தது 1355இல்.

அதே அபூ இனான் ஃபெஸ்ஸில் கட்டிய பூ இனானியா மதரஸாவைப் பார்க்கப் போனோம். மரத்திலும் சுண்ணச் சாந்திலும் செதுக்கல் வேலை. சுவரின் கீழ்ப்பாதி முழுக்க வண்ண ஓட்டுச் சில்லுகள். ஒவ்வொரு சில்லையும் சின்னச் சுத்தியால் கையாலேயே கொத்தி வடிவம் கொடுத்து, நட்சத்திரம் நட்சத்திரமாகச் சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் "ஆஹா!" என்றார்கள். நானும்தான்.

இங்கேதான் நண்பர்களே என் கேள்வி. அந்த ஓட்டு வேலையை இன்றைக்கும் அதே ஊரில் பட்டறையில் தரையில் உட்கார்ந்து செய்கிறார்கள். சில்லுகளைக் குப்புற அடுக்கி, மேலே சாந்து ஊற்றிப் பலகையாக்குகிறார்கள். குப்புற அடுக்கும்போது நிறம் கண்ணுக்குத் தெரியாது. கோலம் மனசுக்குள்தான் இருக்க வேண்டும்! சுல்தான் காலத்துச் சுவரைப் பார்த்து "ஆஹா" என்கிற அதே ஆள், இந்தப் பட்டறை மேஜைப் பலகைக்கு விலை கேட்டதும் "கொள்ளை அடிக்கிறான்" என்கிறார். இது என்ன நியாயம்?

அடுத்து தோல் தொட்டிகள். ஃபெஸ்ஸில் ஷுவாரா என்ற இடம். சுற்றிலும் கடைகளின் மாடி. கீழே தேன்கூடு மாதிரி வட்ட வட்டமாகக் கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டியில் சுண்ணாம்பு. தோலை மெதுவாக்கப் புறா எச்சம். மற்றத் தொட்டிகளில் சாயம். அதற்குள் இடுப்பளவு இறங்கி நின்று காலால் மிதிக்கிறார்கள். மாடிக்கு ஏறும்போதே நம் கையில் ஒரு கொத்துப் புதினா கொடுக்கிறார்கள், நாற்றம் தெரியாமல் இருக்க! மூக்கில் புதினாவை வைத்துக்கொண்டு, போட்டோ எடுத்துவிட்டு, அதே மாடியில் தோல் பைக்குப் பாதி விலை கேட்கிறார்கள்.

பாலாற்றங்கரையில் பிறந்த நமக்கு அந்த வாசனை புதுசா? எங்க தாத்தா ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டவர். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை குளித்தாலும் கையில் அந்த வாடை போகாது என்று ஆயா சொல்வாங்க. அந்தக் கையால்தான் எங்க அப்பாவும் சித்தப்பாவும் படித்தார்கள். அதனால் நான் புதினாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மேலே நிற்கிற நமக்குப் பத்து நிமிஷம். கீழே நிற்கிறவருக்கு நாள் முழுக்க.

"அப்போ கேட்ட விலையைக் கொடுத்துட்டு வரணுமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை! அங்கே முதலில் சொல்லும் விலை பேச்சை ஆரம்பிக்கத்தான். கூட்டிக்கொண்டு போகும் கைடுக்கு நிறைய கடைகளில் கமிஷன் உண்டு. மெஷினில் செய்ததைக் கைவேலை என்று விற்பவர்களும் உண்டு. ஆகவே கண்ணைத் திறந்து வாங்குங்கள். மராகேஷ் நகரில் அரசாங்கக் கைவினை வளாகம் இருக்கிறது. அங்கே ஒரே விலை. முதலில் அங்கே போய் விலையைத் தெரிந்துகொண்டு சந்தைக்குப் போகலாம். கம்பளமா? திருப்பிப் போட்டு முடிச்சைப் பாருங்கள். வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலை கேட்டு இழுக்காதீர்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்டால் வாங்கியே ஆக வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

எங்க சித்தி, பின்பட்டை இல்லாத 'பாபூஷ்' தோல் செருப்பு வாங்கினாங்க. 300 திர்ஹாம் சொன்னார், 180க்கு முடிந்தது. தையலைத் தடவிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் சித்தி விலை பேச ஆரம்பித்தாங்க. கடைசியில் கடைக்காரரும் சிரித்தார், சித்தியும் சிரித்தாங்க. "இன்னும் இருபது குறைங்க" என்று சித்தப்பா இழுத்தபோது, "போதும், வாங்க" என்று சித்தியே நிறுத்திட்டாங்க. எனக்குப் பிடித்த பேரம் இதுதான். இரண்டு பேரும் சிரிக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

மராகேஷில் விற்கும் கம்பளங்களில் நிறைய, அட்லஸ் மலைக் கிராமத்துப் பெண்கள் நெய்தவை. 2023 செப்டம்பர் 8இல் வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 3000 பேர் இறந்தார்கள். அதிக அடி வாங்கியது அந்த மலைக் கிராமங்கள்தான். நாம் கடையில் நின்று கடைசியாகக் குறைக்கிற அந்த இருபது திர்ஹாம், கடைக்காரர் பங்கிலிருந்து போகுமா, நெய்தவர் கூலியிலிருந்து போகுமா? சிந்தியுங்கள் நண்பர்களே!

கையால் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் அவர் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வர மாட்டான். அப்புறம் சுல்தான் கட்டிய சுவரில் ஒரு சில்லு விழுந்தால் ஒட்ட யார் இருப்பார்கள்? எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் முதலில் பட்டறையைப் பாருங்கள். பிறகு பொருளைப் பாருங்கள். விலையைக் கடைசியில் பேசுங்கள்.

— 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு