வெளுத்ததெல்லாம் பாலா? - ஒரு ஆன்டிபாடி புலம்பல்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. ஆய்வகத்தில் குப்பை கொட்டும் நண்பர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மற்றவர்கள் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட உயிரியல் போதும். நடுநடுவே கொஞ்சம் புலம்பல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட் இதுதான்: சுண்டெலியின் மூளையில் 'ஆல்ஃபா-7 நிக்கோட்டினிக் ஏற்பி' என்ற புரதம் எந்தப் பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏற்பி என்பது நரம்பணுவின் சவ்வில் இருக்கும் ஒரு கதவு மாதிரி. அசெட்டைல்கொலின் என்ற ரசாயனம் வந்து ஒட்டினால் கதவு திறந்து அயனிகள் உள்ளே போகும். சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டினும் இதே கதவைத்தான் தட்டும், அதனால்தான் இந்தப் பெயர். நினைவாற்றல், கவனம் இரண்டிலும் இதற்குப் பங்கு உண்டு என்பதால் அல்சைமர், ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாக இதைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

புரதத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே, அதற்குத்தான் ஆன்டிபாடி. பாடப்புத்தகத்தில் 'எதிர்ப்பொருள்' என்று படித்தோமே, அதேதான். நமக்கு வேண்டிய புரதத்தின் ஒரு சின்னத் துண்டை முயலுக்கு ஊசி போட்டால், முயலின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். நாம் மூளையை அரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வில் ஏற்றி, மேலே இந்த ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். நம்ம புரதம் இருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். இதன் பெயர் வெஸ்டர்ன் பிளாட்.

ஆர்டர் போட்டு ஆறு வாரம் கழித்து குப்பி வந்தது. ஒரு சொட்டு சிந்தினால் கைடு முகம் சுருங்கும் விலை. முதல் பிளாட்டிலேயே 55 கிலோடால்ட்டன் பக்கத்தில் கும்மென்று ஒரு கோடு! ஆல்ஃபா-7இன் எடை கணக்குப்படி சுமார் 56. அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் சமோசா என் செலவு.

ஐந்து மாதம் இப்படியே போனது. 14 எலிகளின் மூளை காலி. பகுதிவாரியாக அழகான படங்கள். அப்போதுதான் சீனியர் அக்கா ஒருவர் வேறொரு ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் நாக்அவுட் எலியின் மூளை வாங்கி வந்தார். நாக்அவுட் என்றால் அந்தப் புரதத்துக்கான மரபணுவையே முடக்கிவிட்ட எலி. "இதையும் ஒரு லேன்ல ஓட்டிப் பாருடா, சும்மா ஒரு கன்ட்ரோலுக்கு" என்றார்.

ஓட்டினேன். ஆல்ஃபா-7 இல்லாத எலியிலும் அதே கோடு. அதே இடம், அதே கனம்.

மூன்று முறை திரும்பச் செய்தேன். மாற்றமில்லை. அதாவது ஐந்து மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது ஆல்ஃபா-7 இல்லை, அதே எடையுள்ள வேறு ஏதோ ஒரு புரதம். கைடு திட்டவில்லை. ஆனால் "இத்தனை பேர் இதே ஆன்டிபாடியை வைத்து பேப்பர் போட்டிருக்கிறார்களே, நீ எங்கோ சொதப்பியிருப்பாய்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், பழைய பேப்பர்களைத் தோண்டும் வரை. நாக்அவுட் எலியின் மூளையிலும் ஆல்ஃபா-7 ஆன்டிபாடிகள் போய் ஒட்டுகின்றன என்று 2004இலேயே ஹெர்பர் குழுவினர் எழுதிவிட்டார்கள். 2007இல் மோசர் குழுவினர் இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். நிக்கோட்டினிக் ஏற்பிக் குடும்பத்தில் ஆல்ஃபா-3, ஆல்ஃபா-4, ஆல்ஃபா-7, பீட்டா-2, பீட்டா-4 என ஐந்து புரதங்களுக்கான ஆன்டிபாடிகளை, அந்தந்த நாக்அவுட் எலிகளில் சோதித்தார்கள். பரிசோதித்த ஒவ்வொன்றிலும் சாதா எலிக்கும் நாக்அவுட் எலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்றுகூடத் தேறவில்லை!

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நாக்அவுட் எலியில் மரபணுவின் ஒரு பகுதியைத்தான் வெட்டுகிறார்கள், மிச்சத்திலிருந்து அரைகுறைப் புரதம் உருவாகலாமே என்பார்கள். சரி, உருவானால் அதன் எடை குறைந்திருக்க வேண்டும், கோடு கீழே இறங்கியிருக்க வேண்டும். அதே எடையில் அதே கோடு வருவதற்கு அது விளக்கம் ஆகாது.

ஏன் இப்படி ஆகிறது? மூளையில் இந்த ஏற்பிகளின் அளவு ரொம்பக் குறைவு. மற்ற புரதங்களோ கொட்டிக் கிடக்கின்றன. ஆன்டிபாடி லேசாகத் தடுமாறி இன்னொரு புரதத்தில் ஒட்டினால்கூட அந்தத் தப்பான கோடுதான் பெரிதாகத் தெரியும். அதோடு முயலுக்கு முயல் ஆன்டிபாடிக் கலவை மாறும், போன வருடக் குப்பியும் இந்த வருடக் குப்பியும் ஒன்றல்ல. சில நிறுவனங்கள் 'ஊசி போட்ட அதே துண்டைக் கலந்தால் கோடு மறைகிறது பாருங்கள்' என்று படம் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆன்டிபாடியின் பிடியை அந்தத் துண்டால் அடைத்துவிட்டால் சரியான கோடும் மறையும், தப்பான கோடும் மறையும். அது எதையும் நிரூபிக்காது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஏற்பியைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான ஒரு பொருள் எப்போதிருந்தோ இருக்கிறது. அது பாம்பு விஷம்! தைவானில் காணப்படும் ஒரு கட்டுவிரியன் வகையின் விஷத்திலிருந்து 1963இல் சாங், லீ என்ற இருவர் பிரித்தெடுத்த ஆல்ஃபா-பங்கரோடாக்சின். கதிரியக்கக் குறியிட்ட இந்த விஷம் சாதா எலியின் மூளையில் இறுக்கமாக ஒட்டும். 1997இல் ஆல்ஃபா-7 நாக்அவுட் எலியை உருவாக்கியபோது அந்த எலியின் மூளையில் இந்த ஒட்டல் காணாமல் போயிருந்தது. சோதனை என்றால் அதுதான். புரதம் இருந்தால் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தெரியக் கூடாது. நாம் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு சமோசா வாங்குகிறோம்.

இது ஒரு ஏற்பியோடு முடிகிற கதையும் இல்லை. 2005இலேயே 'ஜர்னல் ஆஃப் கம்பேரடிவ் நியூராலஜி'யின் ஆசிரியர் கிளிஃபோர்ட் சேப்பர், ஆன்டிபாடியைச் சோதித்த விவரம் வேண்டும் என்று வாசகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2023இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டில் தோற்றன. புரதம் ஒன்றுக்குச் சராசரியாக 12 பேப்பர்கள், குறி தவறும் ஆன்டிபாடியை நம்பி வெளிவந்திருந்தன. ஒரு நல்ல விஷயம், நிறுவனங்களே இந்தச் சோதனையில் பங்கெடுத்தன. தோற்றவற்றில் சுமார் 20 சதவீதத்தைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், சுமார் 40 சதவீதத்துக்குப் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றினார்கள். ஆக, சோதித்துக் காட்டினால் அவர்களும் கேட்கிறார்கள்.

எனவே என் கட்சி இதுதான். 'எத்தனை பேப்பரில் வந்திருக்கிறது' என்பது ஆன்டிபாடிக்கு நற்சான்றிதழ் ஆகாது. ஒருவர் சோதிக்காமல் நம்பினார், அவரைப் பார்த்து இன்னொருவர் நம்பினார், அவ்வளவுதான். வெளுத்ததெல்லாம் பால் என்று வரிசையாகக் குடித்திருக்கிறோம். புரதம் இல்லாத ஒரு மாதிரியில் கோடு மறைகிறது என்று காட்டாத படத்தை எந்த ஜர்னலும் ஏற்கக் கூடாது. எந்த கைடும் மாணவனைக் கேட்காமல் விடக் கூடாது.

"அதெல்லாம் பணக்கார லேபுக்கு, நமக்கு நாக்அவுட் எலி எங்கே கிடைக்கும்?" என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவது நேர் எதிர். பணக்கார லேபில் ஒரு குப்பி வீணானால் இன்னொன்று வரும். நமக்கு ஒரு குப்பிதான், ஒரு வருடம்தான். முதலில் சோதிக்க வேண்டியவர்கள் நாம்தான். முழு எலி வேண்டாம், ஒரு மிளகு அளவு உறைந்த திசு போதும். ஈமெயில் போட்டுக் கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தப் புரதமே உருவாகாத ஒரு செல் வகையில் ஓட்டிப் பாருங்கள். எந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று 'ஹ்யூமன் புரோட்டீன் அட்லஸ்' தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இரண்டு வார வேலை. நான் தொலைத்தது ஐந்து மாதம்.

என் ப்ராஜெக்ட் என்ன ஆனது? அந்த அழகான படங்களை அப்படியே போட்டிருந்தால் வைவாவில் யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. சபலம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கடைசியில் நாக்அவுட் லேனையும் சேர்த்தே போட்டு, 'இந்த ஆன்டிபாடி எங்கள் நிலைமைகளில் ஆல்ஃபா-7ஐக் காட்டவில்லை' என்று எழுதினேன். கைடு கையெழுத்துப் போட்டார், முகத்தில் சந்தோஷம் இல்லை. மார்க்கும் சுமார்தான். ஆனால் அடுத்து அந்தக் குப்பியை எடுக்கப்போகும் ஜூனியருக்காவது ஐந்து மாதம் மிச்சம்.

பி.கு: குப்பி இன்னும் ஃபிரீசரில்தான் இருக்கிறது. மேலே மார்க்கரில் 'நம்பாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஃபிரீசரிலும் இப்படி ஒன்று இருந்தால் அடுத்தவருக்குத் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள், ப்ளீஸ்.