விளக்குப் பெட்டி போதும், கரண்ட் எங்கே?



போன மாதம் நமது சங்கத்தார் ஒரு மலையூரில் வீடு வீடாகப் போய் எண்ணினோம். 40 வீட்டுக் கூரையிலும் சோலார் தகடு இருக்கிறது. எரிகிற விளக்கு 6 வீட்டில்தான். மீதி வீடுகளில் பேட்டரிப் பெட்டி மேல் தண்ணீர்க் குடம் உட்கார்ந்திருக்கிறது. ராகிக் காட்டுப் பரணில் காவலுக்குப் போகிறவன் டார்ச் லைட்டுக்குச் சார்ஜ் போட கீழ்நாட்டுக்கு இறங்குகிறான். யானை வருவது காதில் விழுந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

மனு கொடுத்தால் என்ன பதில்? "உங்க ஊருக்குத்தான் லைட் கொடுத்தாச்சே, இன்னும் என்னய்யா?"

தகடு 25 வருஷம் உழைக்கும். பேட்டரிக்கு ஆயுசு 3 முதல் 5 வருஷம். இது கொடுத்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாற்று பேட்டரிக்குப் பணம் எங்கே, பழுது பார்க்க ஆள் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. போட்டோ எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டோம். சினிமா பார்க்க அடியோடு இறக்கினோம். ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்து வைத்திருக்கலாம், சேர்க்கவில்லை. தானமாக வந்த பொருள், கெட்டால் இன்னொன்று தருவார்கள் என்று இருந்துவிட்டோம்.

இனி நாமே கணக்குப் போடுவோம். 40 வீடு. வீட்டுக்கு 7 வாட் எல்இடி பல்பு மூன்று, 5 மணி நேரம். ஒரு செல்போன் சார்ஜ். தெருவுக்கு 20 வாட் விளக்கு எட்டு, விடிய விடிய. மொத்தம் கூட்டினால் ஒரு நாளைக்கு ஆறரை யூனிட். எல்லா விளக்கும் சேர்ந்து எரியும்போது 1 கிலோவாட். இவ்வளவுதான்! இதற்காகவா நம் பிள்ளைகள் புகையில் படிக்கிறார்கள்?

நம் ஓடையைப் பாருங்கள். நொடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கினால் 2 கிலோவாட் சக்தி. சேதாரம் பாதி என்று தள்ளினாலும் 1 கிலோவாட் கைக்கு வரும். இதற்குச் சீமை டர்பைன் தேவையில்லை. கோயம்புத்தூர் பம்புக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டால் அதுவே டர்பைன். அதன் மோட்டாருக்குச் சரியான கெப்பாசிட்டர் கட்டினால் அதுவே ஜெனரேட்டர். வீடுகளில் விளக்கை அணைத்ததும் வேகம் தறிகெட்டு ஏறும். அதற்கு, மிச்சக் கரண்டை ஹீட்டருக்குத் திருப்பிவிடுகிற கண்ட்ரோலர் உண்டு. நேபாள மலைகளில் பல காலமாகச் செய்கிற வேலைதான் இது. அங்கே பகலில் டர்பைனில் பெல்ட் மாட்டி மாவு அரைக்கிறார்கள், ராத்திரி அதே டர்பைனில் விளக்கு எரிக்கிறார்கள்.

கோடையில் ஓடை வற்றுமே என்பீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் சோலார். 2 கிலோவாட் தகடு நாளைக்கு சுமார் 8 யூனிட் தரும். பேட்டரியில் ஏறி இறங்கும் சேதாரம் போக ஊருக்குக் கட்டும். பேட்டரியை வீட்டுக்கு வீடு பிரித்துப் போடாமல் ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் வைத்து, பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்ட வேண்டும். 150 ஆம்பியர் பேட்டரி எட்டு வேண்டியிருக்கும். ஒன்று 12,000 ரூபாய், ஆயுசு 5 வருஷம் என்று வைத்தால், வீட்டுக்கு மாதம் 40 ரூபாய் ஒதுக்கினால் அடுத்த பேட்டரிக்குப் பணம் தயார். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் நாம் இதைவிடக் குறைவாகவா செலவழிக்கிறோம்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. பீகார் மாநிலம் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்ற கிராமம். 2014-இல் அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்தார்கள். முன்னாள் முதலமைச்சர் வந்தபோது அந்த மக்கள் "எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும்" என்று கேட்டார்கள். டிவி, பிரிட்ஜ் போட்டால் தாங்கவில்லை, யூனிட் விலையும் அதிகம். பிறகு கம்பி வழியே கரண்ட் வந்தது, சோலார் நிலையம் சும்மா கிடந்தது. அந்த மக்கள் மேல் தப்பில்லை. ஏழைக்கு ரெண்டு பல்பு போதும் என்று கணக்குப் போட்டதுதான் தப்பு. ஆகவே நாமும் சொல்கிறோம், இது முதல் படிதான். வயரிங், மீட்டர் எல்லாம் 230 வோல்ட்டுக்கே இருக்கட்டும். நாளைக்கு மின்வாரியக் கம்பி வந்தால் இணைத்துக்கொள்ளலாம். ஓடைக் கரண்ட்டைக் காட்டி கம்பத்தை மறுக்காதே!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டம் 5-வது பிரிவு, ஊராட்சி, கூட்டுறவு, பயனாளிகள் சங்கம் மூலம் கிராமத்தில் மின் விநியோகம் செய்ய வழி சொல்கிறது. 6-வது பிரிவு, கிராமம் மட்டுமல்ல, குக்கிராமத்துக்கும் மின்சாரம் தர முயல்வது மத்திய மாநில அரசுகளின் கடமை என்கிறது. "காடு, அனுமதி இல்லை" என்கிறார்களா? 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ஐப் படித்துக் காட்டுங்கள். மின் கம்பி, மரபுசாரா எரிசக்தி இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊராட்சியால் முடியுமா என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறையைப் பார்க்கட்டும். 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கே விற்ற ஊராட்சி அது.

2018 ஏப்ரல் 28 அன்று நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 2004-இல் வகுத்த விதிப்படி நூற்றுக்குப் பத்து வீட்டில் எரிந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். மீதி 90 வீடு இருட்டில் கிடந்தாலும் கணக்கில் வெளிச்சம்! தாய்க் கிராமம் எரிகிறது, குக்கிராமம் கணக்கிலேயே இல்லை.

நமது கோரிக்கைகள்:

1. மின்சாரம் இல்லாத குக்கிராமங்களை ஊர் ஊராக எண்ணிப் பட்டியல் வெளியிடு!

2. மழைக்காலம், கோடை இரண்டிலும் ஓடை நீரை அளந்து, ஊருக்கு ஏற்ற நிலையம் அமை! நிலையம் கிராம சபைக்குச் சொந்தமாகட்டும்.

3. ஊருக்கு இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் பெண், பழுது பார்க்கப் பயிற்சியும் சம்பளமும் கொடு!

4. ஐந்து வருஷப் பராமரிப்புப் பணத்தை ஒப்பந்தத்திலேயே சேர்!

5. ஊரில் நிலையம் இருக்கிறது என்று சொல்லி மின்வாரியக் கம்பியைத் தள்ளிப் போடாதே!

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகம் முன்பு கூடுவோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். செத்த பேட்டரியை ஆசிட் சிந்தாமல் நிமிர்த்திப் பிடித்துத் தூக்கி வாருங்கள். கொடுத்தவர்கள் வாசலில் வரிசையாக வைப்போம். எண்ணிப் பார்க்கட்டும்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
மலை விவசாயிகள் சங்கம்.