அங்கன்வாடியில் ஒரு வாளித் தண்ணீர்

வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் மழலையர் பள்ளிகளில் ‘நீர் விளையாட்டு’ என்பது விளம்பரப் பலகையில் இடம்பெறும் சிறப்பம்சம். நீலநிறத் தொட்டி, மிதக்கும் பொம்மைகள், மேற்பார்வைக்குத் தனி ஆள், அதற்கேற்ற கட்டணம். அதே நகரின் மறுகோடியில், வாடகை அறையில் இயங்கும் அங்கன்வாடியில் தண்ணீர் குடத்தில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் கை வைக்கும் குழந்தைக்குக் கிடைப்பது அதட்டல். உழைப்பாளி வீட்டுப் பெண் குழந்தைக்கோ, தண்ணீர் என்பது விளையாட்டாக அறிமுகமாகும் முன்பே தலைச்சுமையாக அறிமுகமாகிவிடுகிறது. குழந்தைப் பருவமும் வர்க்கத்தால் பிளவுபட்டே கிடக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

பசியும் ரத்தசோகையும் தீராத நாட்டில் விளையாட்டு ஒரு பிரச்சினையா என்று சிலர் கேட்கக்கூடும். மூன்று வயதுக் குழந்தைக்கு விளையாட்டே கல்வி. உயரமான குவளையிலிருந்து அகலமான கிண்ணத்துக்கு நீரை ஊற்றி, அதையே மீண்டும் குவளைக்கு மாற்றும் குழந்தை, வடிவம் மாறினாலும் அளவு மாறுவதில்லை என்பதைத் தன் கையால் கண்டறியத் தொடங்குகிறது. எந்தப் பாடப்புத்தகமும் அந்த வயதில் இதைக் கற்பிக்க இயலாது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் வேண்டியதில்லை. ஒரு வாளி நீரும் அகன்ற பாத்திரமும் போதும். கல், இலை, வேப்பங்கொட்டை, கொட்டாங்குச்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீரில் இட்டு, எது மிதக்கும், எது மூழ்கும் என்று முன்கூட்டியே சொல்லச் செய்யலாம். பழந்துணியை நனைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் பிழியச் செய்யலாம். பின்னாளில் எழுதுகோல் பிடிக்கப்போகும் விரல்களுக்கு அது பயிற்சி. துளையிட்ட தகரக் குவளை மழையாகும். பிளந்த மூங்கில் வாய்க்காலாகும். மராத்வாடா, புந்தேல்கண்ட் போன்ற வறட்சிப் பகுதிகளிலும் ஒரு குவளை நீரையும் தூரிகையையும் கொடுத்துச் சுவரில் வரையச் செய்ய முடியும். வரைந்த படம் வெயிலில் மறையும்போது “தண்ணீர் எங்கே போயிற்று?” என்று குழந்தை கேட்கும். அறிவியல் மனப்பான்மை அந்தக் கேள்வியில் தொடங்குகிறது. விளையாடிய நீர் முற்றத்து முருங்கைக்குப் போகட்டும். அப்போது வீண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் தளர்த்த முடியாதது. சில அங்குல நீரும் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். எனவே விளையாட்டு முடியும்வரை ஒருவர் கண் விலகாமல் அருகிலிருக்க வேண்டும். முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும்.

அந்த ‘ஒருவர்’ யார் என்பதில்தான் அரசியல் அடங்கியிருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மையங்களாக விரிந்துள்ளது. அதைத் தாங்கி நிற்கும் பெண்களை அரசு தொழிலாளர்களாக ஏற்கவில்லை; ‘மதிப்பூதியம்’ பெறுவோர் என்கிறது. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். விலைவாசி ஏற ஏற, அத்தொகையே ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் பரிந்துரை ஏட்டளவில் கிடக்கிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையும் போராடியே பெற வேண்டிய நிலை. எடை பார்த்தல், உணவு வழங்கல், ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பதிவு, கணக்கெடுப்பு என அத்தனையையும் சுமப்பவர், செயலியைப் பார்ப்பாரா, தொட்டியருகே நிற்கும் குழந்தையைப் பார்ப்பாரா?

2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டுவழிக் கல்வியைப் போற்றுகிறது. 2020 அக்டோபர் 2 அன்று, பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் 100 நாட்களில் குழாய் நீர் என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. குழாய் பதிக்கப்பட்டதா என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. குழாயில் நீர் வருகிறதா, குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்று கேட்பார் இல்லை.

இந்த நாட்டில் நீர் வெறும் நீரல்ல என்பதையும் மறக்கலாகாது. 1927 மார்ச்சில் மஹாத் நகரின் சௌதார் குளத்து நீரை அள்ளிப் பருக, அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் அணிவகுக்க வேண்டியிருந்தது. அங்கன்வாடி என்னும் கருத்துக்கு வடிவம் கொடுத்த தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும், மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் ஆதிவாசிக் குழந்தைகளின் முற்றத்துக்கே கல்வியைக் கொண்டு சென்றவர்கள். எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே பாத்திரத்தில் கைகளை நனைத்து விளையாடும் முற்றம், ஆயிரம் சொற்பொழிவுகள் செய்ய முடியாததைச் செய்யும். அதனாலேயே அது சில இடங்களில் எதிர்ப்பையும் சந்திக்கும். அங்கு ஊழியருக்குத் துணை நிற்பது ஜனநாயக சக்திகளின் பொறுப்பு.

ஒவ்வொரு மையத்துக்கும் ஓயாது நீர் வரும் குழாய், சொந்தக் கட்டிடம், காலிப் பணியிடங்களை நிரப்புதல், ஊழியர்க்கும் உதவியாளர்க்கும் தொழிலாளர் தகுதியும் வாழ்வதற்கேற்ற ஊதியமும் ஆகிய கோரிக்கைகள் குழந்தையின் உரிமையிலிருந்து பிரிக்க முடியாதவை. கட்சிக் கிளைகளும் மாதர், வாலிபர் அமைப்புகளும் தத்தம் பகுதி மையங்களுக்குச் சென்று, நீர் வருகிறதா, எத்தனை பேர் பணியில் உள்ளனர் எனக் கேட்டறிந்து, அதைக் கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் எழுப்ப வேண்டும். ஊழியர் சங்கப் போராட்டத்தில் பெற்றோரையும் உடன் நிறுத்த வேண்டும்.

உழைப்பாளியின் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரும், அதனருகே கவலையின்றி அமர ஓர் ஊழியரும் வேண்டும். இது பெரிய கோரிக்கை அல்ல. இதைக்கூட நிறைவேற்றாத ஆட்சி, குழந்தைகளின் எதிர்காலம் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது.